மரத்தைப் பார்த்து ரவுட்டர் விற்போம்

2021ஆம் ஆண்டு. கொரோனாவால் பாடசாலைகள் மூடிக் கிடந்த காலம். நானுஓயாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு சகோதரி என் கடைக்கு வந்தார். மகன் உயர்தரம் படிக்கிறான், ஒன்லைன் வகுப்புக்கு வீட்டு ரவுட்டர் ஒன்று வேண்டும் என்றார். கையில் இருந்தது சீட்டு எடுத்த பணம். கடையிலேயே ரவுட்டரைப் போட்டுக் காட்டினேன். படம் தடையில்லாமல் ஓடியது. சந்தோஷமாகக் கொண்டு போனார்.

மூன்றாம் நாள் அதே பெட்டியோடு வந்து நின்றார். "நானா, லைட்டெல்லாம் நல்லாத்தான் எரியுது. வகுப்புத்தான் வருதில்ல. சேர் பேசுறது துண்டு துண்டா கேக்குது" என்றார்.

கடையைப் பையனிடம் விட்டுவிட்டு நேரில் போய்ப் பார்த்தேன். லயத்துக்கு முன்னால் சவுக்கு மரங்கள். பக்கத்தில் டர்பன்டைன் தோப்பு. கம்பனியின் கோபுரம் இருப்பது தோப்புக்கு அப்பால், எதிர் மலையில். கூரை தகரம். ரவுட்டரை வைத்திருந்த இடமோ உள் காம்பராவில் அலுமாரிக்கு மேல். நகரத்து நடுவில் என் கடையில் ஓடிய படம் இங்கே எப்படி ஓடும்? பொருளில் பழுதில்லை. வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் விற்றது என் பிழை.

வியாபார நண்பர்களே, ஹட்டன், தலவாக்கலை, கந்தப்பளை, ராகலைப் பக்கங்களில் இந்தப் பொருளை விற்கும் நம்மில் பலருக்கு இப்படித் திரும்பி வந்த பெட்டிகள் இருக்கும். அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதை இந்த வாரம் பகிர்ந்து கொள்கிறேன்.

மரம் விழுங்கும் சிக்னல்

நம் ஊரில் எல்லோருக்கும் தொலைக்காட்சி ஞாபகம் இருக்கிறது. 1982இல் ரூபவாஹினி வந்தபோது, 2,524 மீற்றர் உயரமான பீதுருதலாகலை உச்சியை நோக்கி அன்டெனாவைத் திருப்பினால் படம் வந்தது. அதனால்தான் வாடிக்கையாளர், "டீவி நல்லாத்தானே வந்துச்சு, இது ஏன் வராது?" என்று கேட்கிறார். அந்த அலை நீளமானது. இலையும் கிளையும் அதைப் பெரிதாகத் தடுக்கவில்லை. இன்டர்நெட் அலை குட்டையானது. இலையில் இருப்பது தண்ணீர். குட்டை அலையை அது உறிஞ்சும், நாலாபக்கமும் சிதறடிக்கும்.

இதற்குக் கணக்கு இருக்கிறது. வைஸ்பேர்கர் என்ற ஆய்வாளர் 1982இல் வகுத்த சூத்திரத்தை இன்றும் பொறியியலாளர்கள் பாவிக்கிறார்கள். அதை நம் கடைக் கணக்கில் சொல்கிறேன். தோப்புக்கு முன்னால் சிக்னல் 100 ரூபா என்று வையுங்கள். 30 மீற்றர் அடர்ந்த மரங்களைக் கடந்தால் 900 மெகாஹேர்ட்ஸ் அலையில் மிஞ்சுவது சுமார் 11 ரூபா. 2300இல் 6 ரூபாவுக்கும் குறைவு. 5800இல் இரண்டரை ரூபா கூட இல்லை. தோப்பு 100 மீற்றர் என்றால் 2300இல் மிஞ்சுவது 30 சதம்தான். இது காய்ந்த இலைக்கு உரிய கணக்கு. நுவரெலியாவில் இலை காய்ந்திருக்கும் நாட்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

ரவுட்டர் சில்லறையை வைத்தும் வேலை செய்யக்கூடியது. கோபுரம் பக்கத்தில் இருந்தால் மரம் தின்றது போக மிச்சம் போதும். கோபுரம் தூரமென்றால் ஏற்கெனவே தேய்ந்து வந்த சிக்னலை மரம் முடித்துவிடும்.

பெட்டியில் பார்க்க வேண்டியது

முதலாவது, அலைவரிசை. டயலொக் நிறுவனம் 2012 இறுதியில் வீட்டுப் பாவனைக்கான நான்காம் தலைமுறை இணைப்பைத் தொடங்கியது. அது 2300 மெகாஹேர்ட்ஸ். பெட்டியில் 'பான்ட் 40' என்று போட்டிருக்கும். 'பான்ட் 3' என்றால் 1800. 'பான்ட் 8' என்றால் 900. மரம் அடர்ந்த இடத்துக்கு இலக்கம் குறைந்த மெகாஹேர்ட்ஸ்தான் நல்லது. வேகம் குறைவாக இருக்கலாம், ஆனால் அறுந்து போவது குறைவு. வாடிக்கையாளரின் பக்கத்துக் கோபுரம் எந்த அலைவரிசை கொடுக்கிறது என்று கம்பனியிடம் கேளுங்கள். கோபுரம் கொடுப்பதை ரவுட்டர் வாங்காவிட்டால் விலை உயர்ந்த பெட்டியாலும் பயனில்லை.

இரண்டாவது, உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா. தகரக் கூரை வீட்டுக்கும், மரத்துக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கும் வெளியே பொருத்தும் ரவுட்டர்தான் சரி. மழைக்குத் தாங்குமா என்பதற்கு 'ஐ.பி. 65' அல்லது அதற்கு மேற்பட்ட இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, வயர். இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். உள்ளே ரவுட்டரை வைத்துவிட்டு, கூரைக்கு மேலே அன்டெனா கட்டி, மெல்லிய ஆர்.ஜி. 58 வயரை இழுக்கிறார்கள். 2300 மெகாஹேர்ட்ஸில் அந்த வயர் 10 மீற்றர் ஓடினால் 100 ரூபா சிக்னல் சுமார் 10 ரூபாவாகிவிடும். அன்டெனா சம்பாதித்ததை வயர் தின்றுவிடும். தடித்த எல்.எம்.ஆர். 400 வயர் என்றால் 60 ரூபா அளவில் மிஞ்சும். அதைவிட நல்லது, ரேடியோவும் அன்டெனாவும் ஒன்றாகவே இருக்கும் வெளி ரவுட்டர். அதிலிருந்து வீட்டுக்குள் வருவது சாதாரண நெட்வேர்க் வயர். அதிலேயே கரண்டும் போகும். 100 மீற்றர் வரை இழுக்கலாம்.

அந்த 100 மீற்றர்தான் மலையகத்தில் பெரிய வசதி. மரத்தைத் துளைக்கப் பார்க்காமல், மரம் இல்லாத இடத்துக்கு ரவுட்டரைக் கொண்டு போகலாம். 2021இல் ஊவாவின் போஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் வகுப்புக்காகக் காட்டு வழியே நடந்து, பாறை உச்சிக்கு ஏறியதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது திறந்த வெளி. அந்தத் திறந்த வெளிக்குப் பிள்ளைக்குப் பதிலாகப் பெட்டியை ஏற்ற வேண்டும்.

அந்தச் சகோதரியின் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். லயத்தின் கடைசி வீட்டுப் பக்கம் மரங்களுக்கிடையில் ஓர் இடைவெளி தெரிந்தது. அந்த வீட்டாரிடம் கேட்டு, அங்கே குழாய்க் கம்பம் நட்டு, வெளி ரவுட்டரைக் கட்டி, வயரை இஸ்தோப்பு ஓரமாக இழுத்தோம். வகுப்பு வந்தது. வித்தியாசப் பணத்தைத் தவணையாகத் தந்து முடித்தார். எனக்கு அதில் இலாபம் இல்லை. ஆனால் அந்தத் தோட்டத்திலிருந்து பிறகு வந்தவர்கள் எல்லோரும் என் கடையைத் தேடித்தான் வந்தார்கள்.

விற்கும் முன் போய்ப் பாருங்கள்

இப்போது நான் சோதித்துப் பார்க்காமல் விற்பதில்லை. ஒரு ரவுட்டரைச் சோதனைக்கென்றே வைத்திருக்கிறேன். பவர் பேங்கில் ஓடும். வீட்டுக்குப் போய் நாலைந்து இடத்தில் பிடித்துப் பார்ப்போம். கோடுகளை நம்பாதீர்கள். ரவுட்டரின் பக்கத்தில் இரண்டு இலக்கம் வரும். ஆர்.எஸ்.ஆர்.பி. என்பது சிக்னலின் பலம். அது மைனஸ் 90 அல்லது அதைவிட நல்லதாக இருந்தால் தைரியமாக விற்கலாம். மைனஸ் 110ஐத் தாண்டினால் வேண்டாம். எஸ்.ஐ.என்.ஆர். என்பது சிக்னலின் சுத்தம். 10க்கு மேல் என்றால் நல்லது. பூச்சியத்துக்குப் பக்கத்தில் என்றால் வகுப்பு அறுந்து அறுந்துதான் வரும். வெயில் நாளில் சோதித்தால், மழைக்கு இதைவிடக் குறையும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

கடையையும் வீட்டையும் 5.8 கிகாஹேர்ட்ஸ் கருவியால் இணைக்கச் சொல்லி வருபவர்களும் இருக்கிறார்கள். மரம் குறுக்கே இருந்தால் அதைக் கையில் எடுக்க வேண்டாம். கண்ணுக்கு எதிர்ப்பக்கம் தெரிந்தாலும் போதாது. 2 கிலோமீற்றர் தூரத்துக்கு நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி 3 மீற்றராவது வெளியாக இருக்க வேண்டும். சவுக்கு வேகமாக வளரும் மரம் என்பதையும் மறக்காதீர்கள். இன்று தெரியும் கோபுரம் இரண்டு மூன்று வருடத்தில் மறைந்து போகலாம். மரத்தை வெட்டச் சொல்வது நம் வேலையல்ல, அது தோட்ட நிர்வாகத்தின் சொத்து. கம்பத்தை உயர்த்த இடம் விட்டு நடுவதுதான் வழி.

இடி மின்னலையும் கணக்கில் எடுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி விழும் ஊர் இது. கம்பத்துக்கு எர்த் இல்லாமல் கட்டிக் கொடுக்காதீர்கள். இறக்குமதிச் சரக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கும் முன், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அங்கீகாரம் அதற்கு உண்டா என்று பாருங்கள். விற்பவருக்கும் அனுமதிப்பத்திரம் தேவை.

செய்மதி இணைப்பு பற்றியும் கேட்கிறார்கள். ஸ்டார்லிங்க் 2024இல் அனுமதிப்பத்திரம் பெற்று, 2025 ஜூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. கோபுரமே இல்லாத இடத்துக்கு நல்ல வழி. ஆனால் அதற்கும் மரம் எதிரிதான். தட்டுக்கு மேலே அகலமாகத் திறந்த வானம் வேண்டும். வாங்குவதற்கு முன்னமே, அவர்களின் செயலியைப் போனில் போட்டு வானத்தைக் காட்டினால் தடை எவ்வளவு என்று சொல்லும். செலவில்லாத இந்தச் சோதனையை நீங்களே செய்து காட்டுங்கள்.

போன மாதம் கந்தப்பளைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். பள்ளத்தில் வீடு, மூன்று பக்கமும் டர்பன்டைன். எங்கே பிடித்தாலும் மைனஸ் 115. வீட்டுக்காரர் காசை எண்ணி மேசையில் வைத்துவிட்டார். "வேண்டாம் தம்பி, இங்கே இது வேலை செய்யாது" என்று திரும்பி வந்தேன். பெற்றோல் செலவு என்னோடு. பொருளின் குறையைச் சொல்லி விற்பது நம் மார்க்கம் கற்றுத் தந்த வியாபாரம். இந்தப் பொருளில் குறை பெட்டிக்குள் இல்லை, வாடிக்கையாளரின் வீட்டு வாசலில் நிற்கிறது. போய்ப் பார்த்தால்தான் அதைச் சொல்ல முடியும்.