கோல்ப் பந்தின் வேகம் புல்லில் இருக்கிறது! ஒட்ட வெட்டினால் ஆபத்து

தேனி-

பெரியகுளத்தில் நின்று வடக்கே அண்ணாந்து பார்த்தால் இரவில் மலைமேல் விளக்குகள் தெரியும். அதுதான் கொடைக்கானல். அங்கே 1895-ம் ஆண்டில் இருந்து ஒரு கோல்ப் மைதானம் இருக்கிறது. மொத்தம் 18 குழிகள்.

கோல்ப் என்றால் மட்டையை ஓங்கி அடிப்பதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி ஆட்டம்தான். மீதிப் பாதி, குழியைச் சுற்றியுள்ள புல்தரையில் பந்தை மெல்ல உருட்டுவது. இந்தத் தரைக்குப் பெயர் 'கிரீன்'. குழியின் அகலமோ வெறும் 4¼ அங்குலம். இங்கே வெற்றி தோல்வி ஆட்டக்காரர் கையில் மட்டும் இல்லை. விடியற்காலையில் வந்து புல் வெட்டிவிட்டுப் போகிறாரே தொழிலாளி, அவர் கையிலும் இருக்கிறது!

இது பற்றிய விவரம் வருமாறு:-

கேரம் போர்டு மாதிரி

கேரம் போர்டில் பவுடர் போட்டால் காய் வழுக்கிக்கொண்டு ஓடும். போடாவிட்டால் பாதியில் நின்றுவிடும். இதுவும் அதே கதைதான். புல் உயர்ந்திருந்தால் பந்து தடுமாறி நிற்கும். ஒட்ட வெட்டினால் ஓட்டம் பிடிக்கும்.

இந்த வேகத்தை அளக்க ஒரு கருவியே உண்டு. 1935-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய போட்டியில், பிரபல ஆட்டக்காரர் உருட்டிய பந்து தரையில் நிற்காமல் வெளியே ஓடிவிட்டது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எட்வர்டு ஸ்டிம்ப்சன் என்பவர் வீட்டுக்குப் போய் ஒரு சட்டம் செய்தார். 3 அடி நீளம். நடுவில் நீளப் பள்ளம். மேல்முனையில் பந்தை வைத்து மெல்லத் தூக்கினால், குறிப்பிட்ட சாய்வு வந்ததும் பந்து தானாக உருண்டு இறங்கும். எத்தனை அடி ஓடுகிறதோ அதுதான் அந்தத் தரையின் வேகம். 3 பந்து இந்தப் பக்கம், 3 பந்து எதிர்ப் பக்கம் உருட்டி சராசரி எடுப்பார்கள். அமெரிக்க கோல்ப் சங்கம் 1978-ல் இதை மைதானங்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தது.

அந்தக் காலத்தில் 6, 7 அடி ஓடினாலே திருப்தி. இன்று பெரிய போட்டிகளில் 12 அடியைத் தாண்டுகிறது!

யூரியா போட்டால்...?

புல் வெட்டுறதுல என்ன பெரிய வித்தை என்று கேட்கலாம். கம்பம் பள்ளத்தாக்கு விவசாயியைக் கேட்டால் விடை கிடைக்கும். யூரியா போட்டால் பயிர் தளதளவென்று கிளம்பும். கோல்ப் தரையில் அப்படிக் கிளம்பினால் பந்து நகராது. அதனால் உரத்தைக் கிள்ளித்தான் போடுவார்கள். தண்ணீரும் அளவோடுதான். ஈரம் கூடினால் தரை மெத்தை ஆகிவிடும். அவ்வப்போது மணலைத் தூவி தரையை இறுக்குவார்கள்.

காலையில் ஓடிய பந்து சாயங்காலம் அவ்வளவு ஓடாது. அதற்குள் புல் கொஞ்சம் தலை தூக்கிவிடும்!

எல்லாவற்றையும்விட வேகம் தருவது வெட்டுத்தான். பெரிய போட்டிகளுக்கு 3 மில்லி மீட்டர் வரை இறக்குகிறார்கள். இரண்டு ஒரு ரூபாய் காசை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் புல்லின் உயரம்.

வம்பு இங்கேதான் ஆரம்பம். இலைதான் செடிக்கு அடுப்படி. திராட்சைக்குக் கவாத்து செய்கிறவர்களுக்கு இது தெரியும். அடுப்படியையே இடித்துவிட்டால் வேருக்குச் சோறு ஏது? வேர் குட்டையாகும். நாலு நாள் வெயிலுக்குத் தாங்காது. நோய் வரும். குளிர்ந்த ஊரில் இடைவெளியில் பாசி புகுந்துகொள்ளும்.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் இப்போது பிளேடை இறக்காமல் லேசான ரோலரை உருட்டுகிறார்கள். வாரம் சில தடவை உருட்டினால் வேகமும் கிடைக்கிறது, சில நோயும் குறைகிறது என்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சி காட்டியிருக்கிறது.

சரிவில் நிற்காது

இன்னொரு சிக்கல், மேடு பள்ளம். நூறு வருடத்துக்கு முந்தின மைதானங்கள் மெதுவான புல்லை நம்பிப் போடப்பட்டவை. அதே சரிவில் வேகத்தை ஏற்றினால் பந்து குழியருகே நிற்காது. 2004-ல் அமெரிக்க ஓப்பன் போட்டியின் கடைசி நாள். ஷின்னகாக் ஹில்ஸ் மைதானத்தின் 7-வது குழி அருகே பலரது பந்து நிலைகொள்ளவில்லை. ஆட்டத்தின் நடுவிலேயே தரைக்குத் தண்ணீர் தெளித்தார்கள்! உலகமே டி.வி.யில் பார்த்துச் சிரித்தது.

கொடைக்கானல் மைதானமும் சரிவும் ஏற்றமும் நிறைந்ததுதான். போதாததற்கு அங்கே காட்டெருமைகள் வேறு மேய வருகின்றன. கிரீனில் ஒரு குளம்பு அழுந்திவிட்டால், ரோலர் போட்டும் பயன் இல்லை. அந்தக் குழியில் பந்து திசை மாறிவிடும்.