பாடப் படங்களும் அவற்றின் குறிப்புரைகளும்

இறையியற் கல்வி வகுப்பறையைக் கடந்து இணையவழியாகவும் நடைபெறும் இக்காலத்தில், பாடங்களோடு படங்களையும் இணைத்து அனுப்பும் வழக்கம் பெருகியுள்ளது. சபைப் பணியை விடாது பயிலும் போதகர்களுக்கு இது பெரிதும் பயன்படுகிறது. ஆயினும் படம் தானாகப் பேசுவதில்லை. அது எதற்குச் சான்று என்பதை அதன் கீழுள்ள சில சொற்களே மாணவருக்கு உணர்த்துகின்றன. அச்சொற்கள் பிழைபடுமாயின் படமும் பொய்ச்சாட்சியாகிவிடும். இதற்குத் தாம்பரத்திற்கு அண்மையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

பரங்கிமலை ஆலயத்தின் பலிபீடத்திற்கு மேல் பழைய கற்சிலுவை ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. 1547ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் அங்கு அடித்தளம் தோண்டியபோது இது கிடைத்தது. சிலுவையைச் சுற்றி வளைந்து செல்லும் எழுத்துகளை அவர்களால் படிக்க இயலவில்லை. பிராமண அறிஞர் ஒருவர் படித்துச் சொன்னதாக, தோமாவின் வரலாற்றை விரித்துரைக்கும் நீண்ட வாசகம் ஒன்று அந்நூற்றாண்டிலேயே பரவியது. 1873இல் ஏ. சி. பர்னெல் இவ்வெழுத்துகளை ஆராய்ந்து, அவை பழைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்துகள் என விளக்கி எழுதினார். சொற்களைப் படிப்பதில் அறிஞரிடையே வேறுபாடு இருப்பினும், இது ஒரு சிறிய மன்றாட்டு என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து. அவ்வாறாயின், அக்கல் சொல்லாத ஒன்றை அதன் குறிப்புரை நெடுங்காலம் சொல்லிவந்தது என்பது தெளிவு. தோமா மரபை மறுப்பது நம் நோக்கமன்று. மரபை மரபாகவும் கல்வெட்டைக் கல்வெட்டாகவும் மாணவர் முன் வைக்கவேண்டும் என்பதே நாம் வற்புறுத்துவது.

இணையப் பாடத்தில் ஒரு படத்திற்கு இருவகைச் சொற்கள் தேவை. முதலாவது, யாவரும் காணும் குறிப்புரை. பொருள் யாது, எங்குள்ளது, எக்காலத்தது, படம் எடுத்தவர் யார் என்பனவற்றை அது கூறவேண்டும். ‘தோமா செதுக்கிய சிலுவை’ என்று எழுதுவது தவறு. ‘பரங்கிமலைக் கற்சிலுவை, பஹ்லவி எழுத்துகள் கொண்டது, 1547இல் கண்டெடுக்கப்பட்டது, தோமாவோடு இதனை மரபு இணைக்கிறது’ என்பது நேர்மையான குறிப்புரை.

இரண்டாவது, மாற்றுரை. இது படத்தோடு மறைவாக இணைக்கப்படுவது. பார்வையற்ற மாணவர் திரைவாசிப்பான் வழியே பாடத்தைக் கேட்கையில், படத்திற்குப் பதிலாக இவ்வுரையே அவர் செவியில் விழுகிறது. ‘சிலுவைப் படம்’ என்னும் இரு சொற்கள் அவருக்கு எதையும் தரா. ‘வளைவின் கீழ்ப் புடைப்பாகச் செதுக்கிய சிலுவை; அதன் மேல் தலைகீழாக இறங்கும் புறா; வளைவின்மீது ஒரு வரி எழுத்து’ என எழுதினால், உடன்பயிலுவோர் கண்டதை அவரும் அறிவார். குறிப்புரையில் உள்ளதையே மாற்றுரையில் மீண்டும் எழுதலாகாது. ஒன்று பொருளை அறிமுகப்படுத்துவது, மற்றது காட்சியை விவரிப்பது. வெறும் அழகுக்காக இடும் கோடுகளுக்கும் பூவேலைகளுக்கும் மாற்றுரையை வெறுமையாக விடுவதே முறை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் அனைவரையும் உள்ளடக்கிய கல்வியை வலியுறுத்துகிறது. சட்டம் கேட்கும் முன்பே நாம் செய்திருக்க வேண்டிய பணி இது.

படத்தை ஆயத்தம் செய்வதிலும் கவனம் வேண்டும. கற்செதுக்கலைப் பக்கவாட்டு ஒளியில் எடுத்தால் எழுத்துகள் தெளிவாகும். ஓரங்களை வெட்டும்போது எழுத்து வரி அறுபடலாகாது. கைப்பேசி எடுக்கும் படம் 4 மெகாபைட் அளவினதாயின், அத்தகைய 20 படங்கள் 80 மெகாபைட் ஆகும். அகலத்தை 1,200 பிக்சலாகக் குறைத்து, ஒவ்வொன்றையும் 150 கிலோபைட் அளவிற்குச் சுருக்கினால் மொத்தம் 3 மெகாபைட்டே ஆகும். இணைப்பு மெலிந்த சிற்றூரில் படிக்கும் போதகருக்கு இது சிறிய உதவியன்று. மூலப்படத்தை மட்டும் மாற்றாது தனியே காத்துவைக்கவேண்டும். கணினியே உருவாக்கிய படமாயின் அதைக் குறிப்புரையில் வெளிப்படையாகக் கூறுவது கடமை.

இறுதியாக, மனிதரைக் காட்டும் படங்களைக் குறித்து ஒரு சொல். 1938 டிசம்பரில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பன்னாட்டு மிஷனெரி மன்றத்தின் மாநாடு கூடியது. ஜான் ஆர். மாட் போன்றோர் பெயர் எவருக்கும் எளிதில் கிடைக்கும். ஆனால் அக்காலத்து மிஷன் படங்கள் பலவற்றில் மிஷனெரியின் பெயர் இருக்க, அருகில் நிற்பவர் ‘உபதேசியார்’ என்றோ ‘வேதாகம ஸ்திரீ’ என்றோ மட்டும் குறிக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். அவர்தம் பெயரைச் சபைப் பதிவேடுகளில் தேடுதல் வரலாற்று மாணவனின் பணியாகும். கிடைத்தால் எழுதுக, கிடையாவிடில் ‘பெயர் அறியப்படவில்லை’ என்று எழுதுக. ஊகித்து ஒரு பெயரை இடுவது, பெயரின்றி விடுவதிலும் தீது. இன்று உயிரோடிருப்போரின் படமாயின், நோயாளியாயினும் சிறுவராயினும், உரியவரின் இசைவு பெறாமல் அதைப் பாடத்தில் சேர்க்கலாகாது.

குறிப்புரை எழுதுவது அலுவலகத்தாரிடம் விட்டுவிடத்தக்க சிறு வேலையன்று. பிரசங்கத்தில் ஒரு வசனத்தை எடுத்தாளும்போது எத்துணைப் பொறுப்புக் கொள்கிறோமோ, அத்துணைப் பொறுப்பு இதற்கும் உரியது. பரங்கிமலைக் கல்லின் எழுத்தைச் சரியாக அறியப் பல தலைமுறைகள் காத்திருக்க நேர்ந்தது. நம் மாணவரை அவ்வாறு காக்கவைக்க வேண்டுவதில்லை.