ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் எச்சரிக்கை: ஒப்பந்தக்காரர்கள் அறிய வேண்டியவை

நத்தம் வட்டாரத்தில் கட்டிட வேலை ஒப்பந்தம் எடுப்பவரும், பிறர் கொடுக்கும் துணியைச் சட்டையாகத் தைத்துக் கொடுக்கும் யூனிட் வைத்திருப்பவரும் வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் ஒரே வகையினர்தான். இருவரும் ஒப்பந்தக்காரர்கள். இவர்களுக்கு நிறுவனங்கள் பணம் தரும்போது, ஒரே பில் 30,000 ரூபாயையோ, ஆண்டு மொத்தம் ஒரு லட்சத்தையோ தாண்டினால், தனிநபராக இருப்பின் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவார்கள்.

பிடித்த அந்தப் பணத்தைத் திரும்பப் பெறத்தான் நம்மவர்கள் ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவரிடம் போகிறார்கள். அவர்களில் நேர்மையாக உழைப்பவர்களே அதிகம். ஆனால், "எவ்வளவு ரீஃபண்ட் வேண்டும் சொல்லுங்கள், வருவதில் இத்தனை சதவீதம் எனக்கு" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டாம் வகையினரைத்தான் வரித்துறை இப்போது தேடிக்கொண்டிருக்கிறது.

2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை நடத்தியது. போலிக் கழிவுகளைக் காட்டி ரிட்டர்ன் தாக்கல் செய்துகொடுத்த இடைத்தரகர்களே அதன் இலக்கு. தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் அதற்கு முன்பே நடந்த சோதனைகளில் ஆதாரங்கள் சிக்கியிருந்தன. கட்டாத வீட்டு வாடகை, கொடுக்காத கட்சி நன்கொடை, வாங்காத கல்விக் கடனுக்கு வட்டி, எடுக்காத மருத்துவக் காப்பீடு என்று இல்லாததையெல்லாம் எழுதியிருந்தார்கள். துறை எச்சரித்த பிறகு நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவிலான பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றதாக அரசு அறிவித்தது.

அந்த அறிவிப்பில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சில இடைத்தரகர்கள் ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கி, வேலை முடிந்ததும் கைவிட்டுவிடுகிறார்கள். துறை அனுப்பும் நோட்டீஸ் அந்த முகவரிக்குப் போய்ப் படிக்க ஆளின்றிக் கிடக்கிறது. வரி செலுத்துபவருக்கு விஷயம் தெரிய வருவதற்குள் பதில் சொல்லும் கெடு முடிந்திருக்கும்.

பொறுப்பு யாருடையது?

ஃபிக்ஹில் வகாலத் என்றொரு பாடம் உண்டு. ஒருவரை வக்கீலாக, அதாவது பிரதிநிதியாக நியமித்தால், கொடுத்த அதிகாரத்துக்குள் அவர் செய்யும் காரியம் நியமித்தவரையே சேரும். வரிச் சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறது. உங்கள் கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணைச் சொல்லிவிட்டால் அது உங்கள் கையெழுத்து. "அவர்தான் போட்டார், எனக்குத் தெரியாது" என்ற பதிலால் வரி பாக்கி நீங்காது. வருமானத்தைத் தவறாகக் காட்டியது உறுதியானால், அதற்குரிய வரியில் 200 சதவீதம் வரை அபராதம் உண்டு. தூண்டியவர் மீதும் வழக்குப் போடலாம். ஆனால் பணம் கட்ட வேண்டியவர் நீங்கள்தான்.

பிரிட்டனிலும் இதுபோல் நடந்தது. சம்பளத்தைக் "கடன்" என்ற பெயரில் வாங்கினால் வரி இல்லை என்று சில ஆலோசகர்கள் ஒப்பந்தப் பணியாளர்களிடம் சொல்லிக் கட்டணம் வாங்கினார்கள். 2019ல் அந்தக் கடன்கள் மீது வரி விதிக்கப்பட்டபோது, சுமை பெரும்பாலும் அந்தப் பணியாளர்களின் தலையில்தான் விழுந்தது.

நேர் வழியே லாபம்

சிறு ஒப்பந்தக்காரருக்குப் பொய்க் கணக்கே தேவையில்லை. ஆண்டு வரவு 2 கோடி ரூபாய்க்குள் இருந்தால் உத்தேச வருமானத் திட்டம் இருக்கிறது. வங்கி வழியாக வந்த தொகையில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் குறைந்தபட்ச லாபமாகக் காட்டலாம். உண்மையான லாபம் அதைவிடக் கூடுதல் என்றால் கூடுதலைத்தான் காட்ட வேண்டும்.

ஒருவருக்கு ஆண்டில் 18 லட்சம் ரூபாய் வங்கி வழியாக வந்தது என்று வைத்துக்கொள்வோம். டிடிஎஸ் 18,000 ரூபாய் போயிருக்கும். 6 சதவீத லாபம் 1,08,000 ரூபாய். வேறு வருமானம் இல்லையென்றால் வரியே வராது. 18,000 ரூபாயும் முறைப்படி திரும்பி வரும். இதற்கு ஏன் சதவீதக் கமிஷன்?

ஜிஎஸ்டியில் ஆபத்து இன்னும் பெரிது. சிமெண்ட், கம்பி வாங்காமலே பில் மட்டும் வாங்கி உள்ளீட்டு வரிச் சலுகை எடுப்பது குற்றம். எடுத்த வரியைத் திருப்பிக் கட்டுவதோடு, ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும், மோசடி என்று தீர்மானமானால் வரிக்குச் சமமான அபராதமும் உண்டு. சரக்கு உண்மையாகவே வந்திருந்தாலும், விற்றவர் அந்த வரியை அரசுக்குக் கட்டியிருக்க வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. போலிப் பதிவுகளைக் களைய 2023லும் 2024லும் நாடு தழுவிய சிறப்பு ஆய்வுகள் நடந்தன. ஆகவே பான், ஆதார் நகல்களை "சும்மா ஒரு ஃபார்முக்கு" என்று கேட்பவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

செய்ய வேண்டியவை

வருமான வரி இணையதளத்தில் உங்கள் பெயரில் உள்ள கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று இன்றே பாருங்கள். கடவுச்சொல்லை நீங்களே வைத்திருங்கள். ஓடிபி சொல்வதற்கு முன் ரிட்டர்னை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு கழிவுக்கும் ரசீது எங்கே என்று கேளுங்கள். வேலைக்கு இவ்வளவு என்று கட்டணம் பேசுங்கள், ரீஃபண்டில் பங்கு பேசாதீர்கள். பட்டயக் கணக்காளர் சான்றளித்த ஆவணமென்றால் அதில் யுடிஐஎன் எண் இருக்கும். அதை அவர்களுடைய இன்ஸ்டிடியூட் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

முன்பே தவறு நடந்திருந்தால் மறைக்க வேண்டாம். புதுப்பித்த ரிட்டர்ன் தாக்கல் செய்ய, மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து 48 மாதம் வரை சட்டம் இடம் தருகிறது. வரிக்கும் வட்டிக்கும் மேலாக, முதல் 12 மாதத்துக்குள் என்றால் 25 சதவீதமும், தாமதம் கூடக் கூட அதிகபட்சம் 70 சதவீதமும் கட்ட வேண்டும். துறை ஆய்வுக்கு எடுப்பதற்கு முன் செய்துவிடுவதே பாதுகாப்பு.

வியர்வை சிந்திச் சம்பாதித்த காசு ஹலாலானது. அதன் கணக்கிலும் பொய் கலக்காமல் பார்த்துக்கொள்வோம்.