இங்கிலாந்தின் உயர்நிலைப் பள்ளிகளில் கணினி அறிவியல்: வட்டாரக் கூட்டுமுயற்சிகளின் பங்கும் எல்லையும்

ஆய்வுச்சுருக்கம்

பாடத்திட்டத்தை அரசாணை மாற்றிவிடலாம். அதனைக் கற்பிக்கும் ஆசிரியரின் பாட அறிவை அவ்வாறு மாற்றவியலாது. இங்கிலாந்தில் 2014இல் எழுந்த இவ்விடைவெளியை வட்டாரக் கூட்டுமுயற்சிகள் எதிர்கொண்ட முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கணினி அறிவியல், உயர்நிலைக் கல்வி, ஆசிரியர் பயிற்சி, வட்டாரக் கூட்டுமுயற்சி, இங்கிலாந்து.

முன்னுரை

இங்கிலாந்துப் பள்ளிகளில் நெடுங்காலம் 'தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்' என்னும் பாடமே நிலவியது. சொற்செயலி, விரிதாள் முதலிய மென்பொருள்களைக் கையாளும் பயிற்சியே அதில் மேலோங்கியிருந்தது. 2012 ஜனவரியில் ராயல் சொசைட்டி வெளியிட்ட அறிக்கை, கணினியைப் பயன்படுத்தும் திறனும் கணினி அறிவியலும் வெவ்வேறானவை எனத் தெளிவுபடுத்தியது. அதனையடுத்து 2014 செப்டம்பரில் 'கணினியியல்' புதிய பாடமாக நடைமுறைக்கு வந்தது.

மாற்றமும் ஆசிரியரும்

புதிய பாடத்திட்டத்தின்படி 11 முதல் 14 வயது வரையிலான மாணவர்கள் இரண்டு நிரல்மொழிகளையேனும் பயன்படுத்த வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் எழுத்துவடிவ மொழியாக இருத்தல் வேண்டும். இரும எண்முறை, பூலியன் தருக்கம் ஆகியனவும் இடம்பெற்றன. விரிதாள் கற்பித்துவந்த ஆசிரியர் நிரலாக்கம் கற்பிக்க வேண்டியவரானார். ஒரு பள்ளியில் இப்பாடத்திற்கு ஒருவரே இருக்கும் நிலையில், ஐயம் கேட்கவும் அவருக்கு உடன் ஆசிரியர் இல்லை.

கூட்டுமுயற்சியின் அமைப்பு

2008இல் ஆசிரியர், பல்கலைக்கழகப் பேராசிரியர், தொழில்துறையினர் இணைந்து தோற்றுவித்த 'கம்ப்யூட்டிங் அட் ஸ்கூல்' என்னும் அமைப்பு இத்தனிமையைப் போக்க முற்பட்டது. அதன் வட்டாரக் குழுக்களில் அண்டைப் பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடிப் பாடக்குறிப்புகளையும் வகுப்பறை அனுபவங்களையும் பகிர்ந்துகொண்டனர். அரசின் நிதியுதவியுடன் 'முதன்மை ஆசிரியர்கள்' தெரிவு செய்யப்பட்டுத் தம் வட்டாரத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தனர். பல்கலைக்கழகங்கள் வட்டார மையங்களாகத் துணைநின்றன. பயிற்சியளிப்பவரும் வகுப்பறை ஆசிரியராகவே இருந்தமை இவ்வமைப்பின் வலிமை எனலாம்.

எட்டாத இடங்கள்

எனினும் ராயல் சொசைட்டியின் 2017ஆம் ஆண்டு அறிக்கை வேறொரு நிலையைக் காட்டியது. 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வில் கணினி அறிவியலை 54 விழுக்காட்டுப் பள்ளிகள் வழங்கவில்லை. 2012 முதல் 2017 வரை கணினி ஆசிரியர் பயிற்சிச் சேர்க்கை இலக்கில் 68 விழுக்காடே நிறைவேறியது. தேர்வெழுதியோரில் ஐந்தில் ஒருவரே பெண். பெண்கள் இதைவிடக் கூடுதலான விகிதத்தில் பயின்றுவந்த பழைய தொழில்நுட்பப் பாடமும் பின்னர் ஜிசிஎஸ்இ தேர்விலிருந்து நீக்கப்பட்டது.

இதன் காரணம் கூட்டுமுயற்சியின் இயல்பிலேயே உள்ளது. தன்னார்வக் குழுவுக்கு ஆர்வமுள்ள ஆசிரியரே வருகிறார். அத்தகைய ஆசிரியர் இல்லாத பள்ளிக்கு அழைப்பு சென்றாலும் அதனை ஏற்க ஆளில்லை. ஆகவே மாணவர் கணினி அறிவியலைக் கற்பதும் கற்காததும் அவர் வாழும் ஊரையும் சேரும் பள்ளியையும் பொறுத்ததாயிற்று.

2018ஆம் ஆண்டுக்குப் பின்

இக்குறையை நீக்க 2018இல் 'கணினிக் கல்விக்கான தேசிய மையம்' தொடங்கப்பட்டது, இத்திட்டத்திற்கென 8.4 கோடி பவுண்டு வரை ஒதுக்கப்பட்டது. பள்ளிகளையும் கல்லூரிகளையும் நடுவமாகக் கொண்ட வட்டார மையங்கள் அதன்கீழ் இயங்கின. ஆசிரியரைப் பயிற்சிக்கு விடுவிக்கும் அரசுப் பள்ளிகளுக்கு உதவித்தொகையும் வழங்கப்பட்டது. ஆசிரியரின் ஆர்வத்தை மட்டும் நம்பாமல், அவரை அனுப்ப இயலாத பள்ளியின் இடர்ப்பாட்டையும் கருத்திற்கொண்டமை இம்முறையின் சிறப்பாகும். ஆயினும் பெண்களின் பங்கு பின்வந்த ஆண்டுகளிலும் ஐந்தில் ஒன்றை ஒட்டியே நின்றது.

முடிவுரை

வட்டாரக் கூட்டுமுயற்சி ஆசிரியரின் பாட அறிவை வளர்க்கவல்லது. இல்லாத ஆசிரியரை உருவாக்க வல்லதன்று. பாடத்தைத் தெரிவு செய்வதில் நிலவும் பாலின வேறுபாடும் ஆசிரியர் பயிற்சியால் மட்டும் நீங்குவதன்று. எனவே இம்முயற்சிகளை மதிப்பிடும் ஆய்வுகள், பயிற்சி பெற்றோரின் எண்ணிக்கையோடு நில்லாமல், பங்கேற்காத பள்ளிகளையும் பாடத்தைத் தெரிவு செய்யாத மாணவரையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.