பெயிண்டு உரியாமல் இறக்கையைக் கழற்றலாம்!
கார் வைத்து இருப்பவர்களுக்கு ஒரு யோசனை

தேனி மாவட்டத்தில், பெரியகுளத்தை அடுத்து இருக்கிறது வடுகபட்டி. பூண்டு வியாபாரத்துக்குப் பெயர் போன ஊர். கொடைக்கானல் மலையில் விளையும் பூண்டு இங்கே வருகிறது. வடமாநிலப் பூண்டும் லாரிகளில் வந்து இறங்குகிறது.

பூண்டு உரித்துப் பழகிய கைகளுக்கு ஓர் உண்மை தெரியும். காய்ந்த பூண்டை அவசரமாக உரித்தால், தோலோடு சதையும் பிய்ந்து வரும். அதையே வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் போட்டு எடுத்தால், தோல் சுலபமாகக் கழன்று விடும்.

காரில் ஒட்டிய பொருளைக் கழற்றுவதும் இதே மாதிரிதான்!

இறக்கை எதற்கு?

சில கார்களின் பின்பக்கம், டிக்கி மூடியின் மேல், இறக்கை போல ஒரு பலகை நீட்டிக்கொண்டு இருக்கும். அதன் பெயர் "ஸ்பாய்லர்."

இது பந்தயக் கார்களில் இருந்து வந்த பழக்கம். கார் மிக வேகமாக ஓடும்போது, காற்று அதை மேலே தூக்கப் பார்க்கும். சக்கரங்களுக்குத் தரையில் பிடிப்பு குறையும். 1956-ம் ஆண்டில், மைக்கேல் மே என்ற சுவிட்சர்லாந்து என்ஜினீயர், தன் பந்தயக் காரின் மேல் ஓர் இறக்கையைக் கவிழ்த்து வைத்தார். விமானத்தின் இறக்கை மேலே தூக்கும். கவிழ்த்து வைத்த இறக்கை கீழே அழுத்தும். 1968-ம் ஆண்டு முதல் "பார்முலா-1" பந்தயக் கார்களிலும் இறக்கை முளைத்தது.

தேனி சாலையில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் குடும்பக் காருக்கு இதனால் பெரிய பயன் இல்லை. பெரும்பாலும் அழகுக்குத்தான்.

வருகிற சங்கடம்

சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் பழைய கார் வாங்குகிற குடும்பங்கள் பல. முன்பு வைத்து இருந்தவர் ஆசையாக ஒட்டிய இறக்கையும் காரோடு சேர்ந்து வரும். நாள் ஆக ஆக, ஒரு பக்கம் பசை விட்டு ஆடத் தொடங்கும். ஓடும்போது கழன்று விழுந்தால், பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு ஆபத்து.

கழற்றத்தான் வேண்டும். ஆனால், ஸ்குரு டிரைவரை விட்டு நெம்பினால் போச்சு! பெயிண்டு உரிந்து தகடு தெரியும். மழைத் தண்ணீர் பட்டால் துரு ஏறும். மூடிக்கு மட்டும் புதிதாகப் பெயிண்டு அடித்தால், பழைய நிறத்தோடு ஒட்டாமல் தனியாகத் தெரியலாம். காரை விற்கப் போனால், "இது விபத்தில் அடிபட்ட காரோ?" என்று சந்தேகப்படுவார்கள். விலை குறையும்.

கார் கம்பெனியில் அடிக்கும் பெயிண்டு, எல்லாப் பூச்சும் சேர்ந்து, ஒரு மில்லிமீட்டரில் சுமார் 10-ல் ஒரு பங்கு கனம்தான் இருக்கும்.

டேப் பிறந்த கதை

இந்தத் தொல்லை இன்று நேற்று வந்தது அல்ல. 1920-ம் ஆண்டுகளில், அமெரிக்காவில் இரட்டை நிறக் கார்களுக்கு மோகம் ஏற்பட்டது. ஒரு நிறத்தை அடித்த பிறகு, அதன் மேல் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டு, அடுத்த நிறத்தை அடிப்பார்கள். காகிதத்தை உரித்தால் புதுப் பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும். பெயிண்டர்கள் வயிறு எரிந்தார்கள்.

"3-எம்" கம்பெனியில் வேலை பார்த்த ரிச்சர்டு ட்ரூ என்ற இளைஞர் இதைக் கண்டார். முயன்று பார்த்து, 1925-ம் ஆண்டில், பெயிண்டைப் பிய்க்காமல் உரிந்து வரும் காகித டேப்பை உருவாக்கினார். இன்றும் பெயிண்டர்கள் கையில் இருப்பது அந்த டேப்தான்.

அதே கம்பெனி, 1980-ம் ஆண்டில், எளிதில் உரியாத இரட்டைப் பக்க டேப்பை விற்பனைக்குக் கொண்டு வந்தது. ஸ்பாய்லரை ஒட்டுவது இந்த மாதிரி டேப்பால்தான். நடுவில் பஞ்சு போன்ற மெத்தை. இரண்டு பக்கமும் பசை.

கழற்றும் முறை

முதலில் டிக்கியைத் திறந்து, மூடியின் உள்பக்கம் பாருங்கள். நட்டு, போல்ட்டு இருந்தால் இந்த முறை உதவாது. ஸ்பாய்லரில் பிரேக் விளக்கு இருந்தால், அதன் ஒயரை முதலில் கழற்றிவிட வேண்டும்.

பிறகு காரைச் சோப்பு நீரால் கழுவுங்கள். தூசி இருந்தால் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். ஸ்பாய்லரைச் சுற்றிலும் காகித டேப் ஒட்டுங்கள்.

அடுத்தது சூடு. குளிர்ந்த பசை இறுக்கமாக இருக்கும், சூடானால் இளகும். தலைமுடி உலர்த்தும் கருவியை ஒரே இடத்தில் காட்டாமல், முன்னும் பின்னும் அசைத்துக் காட்டுங்கள். கை பொறுக்கும் சூடு போதும். கருவி இல்லாதவர்கள், சித்திரை வெயிலில் காரை ஒரு மணி நேரம் நிறுத்தினாலே போதும். கொதிக்கும் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இனி நூலின் வேலை. மீன் பிடிக்கிறவர்களின் தூண்டில் நரம்பு இருக்கிறது அல்லவா? அதை இரண்டு முழம் எடுத்து, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, ஸ்பாய்லருக்கும் மூடிக்கும் நடுவே விடுங்கள். ரம்பம் அறுப்பது போல முன்னும் பின்னும் இழுங்கள். நரம்பு பெயிண்டில் உரசாமல், ஸ்பாய்லரை ஒட்டியே போகட்டும். மெத்தை இரண்டாக அறுபடும். பசை பெயிண்டின் மேலேயே தங்கிவிடும், தங்கினால் நல்லது. நெம்பினால் பெயிண்டு இழுபடும், அறுத்தால் இழுபடாது. அதுதான் இரகசியம்!

ஒருவர் அறுக்கும்போது, இன்னொருவர் ஸ்பாய்லரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

மிச்சப் பசை

மிச்சப் பசையை மீண்டும் சூடாக்கி, கட்டை விரலால் உருட்டி உருட்டி எடுங்கள். போகாத பசை மேல் தேங்காய் எண்ணெய் தடவி ஊற விடுங்கள். தகடு ஆறிய பிறகு, மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டும் துடைக்கலாம். ஆனால், முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் சோதித்துப் பார்க்க வேண்டும். அருகில் நெருப்பும், சூடான கருவியும் கூடாது. தின்னர் வேண்டாம், பெயிண்டையே கரைத்துவிடும். பெட்ரோலும் வேண்டாம். பிளேடு வேண்டவே வேண்டாம்! கடைசியில் சோப்பு நீரால் கழுவுங்கள்.

ஸ்பாய்லர் இருந்த இடம் புதுப் பளபளப்போடு தெரியும். சுற்றிலும் வெயிலில் மங்கிய பெயிண்டு. பாலீஷ் போட்டால் வித்தியாசம் ஓரளவு குறையும்.

ஓர் எச்சரிக்கை. ஏற்கெனவே ஒரு முறை பெயிண்டு அடித்த கார் என்றால், எவ்வளவு பக்குவமாகச் செய்தாலும் சில இடங்களில் உரியக் கூடும். அந்தக் காரை அனுபவம் உள்ள பெயிண்டரிடம் விடுவதே நல்லது.

மற்றவர்கள் ஓர் ஓய்வு நாளில், நிதானமாக வீட்டிலேயே செய்யலாம். பதறாத காரியம் சிதறாது!