காணவில்லை என்பதும் இல்லை என்பதும்



நம் பங்குக் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் இன்று ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் வாழ்கிறார்கள். நகரின் மேற்குப் பக்கம் டார்னீட், ட்ருகனினா போன்ற புதிய குடியிருப்புகளில் நம் நாட்டவர் ஏராளமாக வீடு கட்டிக் குடியேறியிருக்கிறார்கள். எரிமலைக் குழம்பு உறைந்து உருவான அந்தச் சமவெளி, ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளியாக இருந்தது. மேய்ச்சலுக்கும் உழவுக்கும் போக எஞ்சியது கொஞ்சம். இப்போது அந்தக் கொஞ்சத்தின் மேல்தான் வீடுகள் எழுகின்றன.

இத்தகைய நிலத்தில் மண்வெட்டும் இயந்திரம் இறங்குவதற்கு முன் வேறு சிலர் வந்து போவது உண்டு. அவர்கள் சூழலியல் ஆலோசகர்கள். அந்த நிலத்தில் எந்தெந்தப் பூர்வீக விலங்குகள் வாழ்கின்றன என்று தேடிப் பார்த்து அறிக்கை எழுதுவது அவர்களுடைய தொழில். அருகி வரும் உயிரினங்களைப் பாதிக்கக்கூடிய திட்டங்களுக்கு மத்திய அரசின் ஒப்புதல் தேவை என்று ஆஸ்திரேலியா 1999-ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றியது. மாநிலச் சட்டங்களும் உண்டு. இவற்றால் இந்தத் தொழில் அங்கே நன்றாக வேரூன்றிவிட்டது.

விலங்குகளைத் தேடுவது என்றால் நிலத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து வருவது அல்ல. ஒவ்வொரு உயிரினத்துக்கும் ஒரு நேரம், ஒரு முறை இருக்கிறது. அந்தப் புல்வெளிகளில் பொன் நிறப் பின்னிறகு கொண்ட ஓர் அந்துப்பூச்சி உண்டு. வளர்ந்த பூச்சிக்கு உண்பதற்கு வாயே கிடையாது. சில நாட்களே வாழும். பெண் பூச்சி பறப்பது அரிது. அது தரையில் அமர்ந்து, மேலே பறந்து போகும் ஆண் பூச்சிக்குத் தன் பொன்னிறகை விரித்துக் காட்டும். ஆண் பூச்சிகள் பறப்பதும் வசந்தத்தின் இறுதியிலும் கோடையின் தொடக்கத்திலும்தான். அதிலும் வெயில் நன்றாக அடித்து, காற்று அடங்கி, வெப்பம் 20 பாகைக்கு மேல் இருக்கும் நாளில், காலை 10 மணிக்கு மேல் பிற்பகல் 2 மணி வரை. மேகமூட்டமான ஒரு நாளில் போனவர் ஒன்றையும் பார்க்க மாட்டார். ஆகவே ஒரு வார இடைவெளி விட்டு, அதே பருவத்தில் பலமுறை போக வேண்டும்.

கால்கள் இல்லாத ஒரு பல்லியும் அங்கே உண்டு. பார்த்தவர்கள் பாம்பு என்று நினைத்து அடித்துவிடுவார்கள். பாவம், அதற்கு நஞ்சு கிடையாது. அதைத் தேட ஆய்வாளர்கள் கையாளும் கருவி நம் ஊர் வீடுகளிலும் உண்டு. கூரை ஓடுதான் அது! ஐந்து மீட்டருக்கு ஒன்றாக ஐம்பது ஓடுகளை வரிசையாகப் புல்லில் பரப்பிவிட்டு, சில வாரங்கள் கழித்து வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கிறார்கள். வெயிலில் சூடான ஓட்டின் அடியில் பல்லி வந்து படுத்திருக்கும். தவளைகளைத் தேடுவது இரவு வேலை. பதிவு செய்த குரலை நீர்நிலையோரம் ஒலிக்கச் செய்து, பதில் குரல் வருகிறதா என்று காத்திருக்க வேண்டும். தவளைகளைக் கொல்லும் ஒரு பூஞ்சை நோய் இருப்பதால், ஒரு குட்டையிலிருந்து அடுத்த குட்டைக்குப் போகுமுன் காலணியைக் கழுவிக் கிருமி நீக்கவும் வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் அறிக்கையில் “காணப்படவில்லை” என்றுதான் பலமுறை எழுத நேரிடும். காணப்படவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. நல்ல ஆய்வாளர் இந்த இரண்டையும் ஒன்றாக்க மாட்டார். எத்தனை நாள் தேடினோம், எந்தப் பருவத்தில், எந்த வானிலையில் என்று எழுதி வைப்பார். ஆனால் அறிக்கையை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுகிறார்கள்.

இதற்கு விக்டோரியா மாநிலமே சாட்சி. நம் வேலியோர ஓணானுக்கு உறவான, வால் உட்பட சுமார் 15 சென்டிமீட்டர் மட்டுமே நீளமுள்ள, காதுத்துளை வெளியே தெரியாத ஒரு பல்லி அந்தப் புல்வெளிகளில் இருந்தது. சிலந்திகள் கைவிட்ட வளைகளில் பதுங்கி வாழும். 1969-க்குப் பிறகு அதைப் பார்த்ததாக உறுதியான பதிவு இல்லை. அழிந்தே போயிருக்கலாம் என்று பலரும் அஞ்சினார்கள். 2023-ஆம் ஆண்டு மெல்பர்னுக்கு மேற்கே ஒரு புல்வெளியில், ஆலோசனை நிறுவனம் ஒன்றின் சூழலியலாளர்கள் அதைக் கண்டார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாக அது அங்கேதான் வாழ்ந்துகொண்டிருந்திருக்கிறது. அந்த இடம் எது என்று அரசு வெளியிடவில்லை. மெல்பர்ன் விலங்குக் காட்சிச்சாலையில் அதன் இனத்தைப் பெருக்கும் முயற்சி தொடங்கியது. மோப்பத்தால் அதைத் தேட நாய்களுக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது.

அப்படியானால் எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறதா? இங்கே ஒரு முள் இருக்கிறது. ஆலோசகருக்குக் கூலி கொடுப்பது யார்? நிலத்தில் கட்டப் போகிற நிறுவனமே! பெரும்பாலான ஆலோசகர்கள் நேர்மையானவர்கள் என்றே நாம் நம்புகிறோம். ஆனால் அடுத்த வேலையும் அதே முதலாளியிடமிருந்து வர வேண்டும் என்ற நிலையில், “இன்னும் ஒரு பருவம் தேட வேண்டும்” என்று சொல்வதற்குத் துணிவு வேண்டியிருக்கிறது.

மெல்பர்னில் இன்னொரு வழியையும் முயன்றார்கள். புதிய வளர்ச்சிப் பகுதிகளில் நிலத்துக்கு நிலம் தனித்தனியாக ஆய்வு செய்து ஒப்புதல் கேட்பதற்குப் பதிலாக, கட்டுகிறவர்கள் ஒரு கட்டணம் செலுத்துவது, அந்தப் பணத்தில் அரசு 15,000 ஹெக்டேர் புல்வெளியை வாங்கிக் காப்பது என்பது திட்டம். 2010-இல் வாக்களித்தார்கள். 2020-க்குள் முடிந்திருக்க வேண்டும். அந்த ஆண்டு மாநிலத் தணிக்கை அதிகாரி கணக்குப் பார்த்தபோது, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நிலமே வாங்கப்பட்டிருந்தது. நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. வாங்கப்படாத புல்வெளியில் களைகள் மண்டின. வீடுகள் மட்டும் தாமதமின்றி எழுந்தன.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய ‘லவுதாத்தோ சி’ திருமடலில் இதைப் பற்றி நேரடியாகவே பேசியிருக்கிறார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஒரு திட்டத்தை மதிப்பிடும்போது மண், நீர், காற்று இவற்றைப் பார்க்கிறவர்கள், உயிரினங்களின் பன்மையைக் கவனமாக ஆராய்வது குறைவு என்று எண் 35-இல் வருந்துகிறார். எண் 183-இல் இன்னும் கூர்மையாகச் சொல்கிறார். திட்டத்தை முடிவு செய்துவிட்டுப் பிறகு சுற்றுச்சூழல் ஆய்வு செய்யக் கூடாது, அது தொடக்கத்திலேயே, வெளிப்படையாக, பொருளாதார அரசியல் நெருக்கடிகளுக்கு உட்படாமல் நடக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அந்தப் பகுதி மக்களுக்கு அந்த உரையாடலில் தனி இடம் உண்டு என்றும் கூறுகிறார்.

இது ஆஸ்திரேலியாவின் கதை மட்டும் அல்ல. நம் நாட்டிலும் 2006 செப்டம்பர் 14 அன்று வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுரங்கம், அணை, துறைமுகம் எனப் பல வகைத் திட்டங்களுக்கு இத்தகைய ஆய்வு உண்டு. ஆலோசகர் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும். ஆனால் கூலி கொடுப்பவர் இங்கும் திட்டக்காரரே. பல திட்டங்களில் மழைக்காலம் அல்லாத ஒரே பருவத்தின் தகவல் போதும் என்று விடப்படுகிறது. மழையில்தான் தவளை கத்தும் என்பது நம் ஊர்ச் சிறு பிள்ளைக்கும் தெரியும்!

நம் பகுதியில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டால், குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். வரைவு அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும். அதன் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். அன்பியக் கூட்டத்தில் நாலு பேர் சேர்ந்து அதை வாங்கிப் படிக்கலாம். முதலில் விலங்குகளின் பட்டியலைப் பார்ப்பதைவிட, ஆய்வு நடந்த தேதிகளைப் பாருங்கள். எத்தனை நாள் தேடினார்கள்? இரவில் போனார்களா? மழைக்காலத்தில் போனார்களா? அங்கே ஆடு மேய்ப்பவர்களையும் மீன் பிடிப்பவர்களையும் கேட்டார்களா? தேதியே இல்லை என்றால், அதைக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கூட்டத்தின் முடிவில் நடவடிக்கைக் குறிப்பை நம் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. உங்கள் கேள்வி அதில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் புறப்படுங்கள்.