மேசைமேல் ஒரு போர்க்களம்

ஆடி மாதத்து அடைமழையில் அட்டன் பகுதி மக்கள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பது இயல்பு. அத்தகைய மாலைப்பொழுதுக்கு ஏற்ற விளையாட்டு ஒன்று உண்டு. 3 புலிகளும் 15 ஆடுகளும் மோதும் நம் ஆடுபுலி ஆட்டத்திற்கு அதனைத் தூரத்து உறவு எனலாம்.

சிறு பொம்மை வீரர்களே படை, மேசையே களம். இதில் கட்டங்கள் இல்லை. அளவுகோலால் அளந்தே படையை நகர்த்த வேண்டும். மோதலின் முடிவைப் பெரும்பாலும் பகடை தீர்மானிக்கும்.

பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் இத்தகைய ஆட்டத்தைப் போர்ப்பயிற்சிக்கென வகுத்தளித்தார். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் நூலை எழுதி, அதனை இல்லத்து விளையாட்டாக்கினார். அவர் விதிப்படி காலாள் ஓரடியும் குதிரைவீரன் ஈரடியும் செல்லலாம். மறு ஆண்டே உலகப் போர் மூண்டது!

வெல்ஸ் போரை விரும்பியவர் அல்லர். பொம்மைப் படையை நடத்துவதிலேயே இத்தனை தடுமாற்றம் எனில், மெய்ப்போர் எத்துணைப் பேதைமை என்பதே அவர் கண்ட பாடம். 1983 முதல் 2009 வரை போரில் வெந்த நாட்டினர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் களிமண்ணால் ஒரு குன்று அமைத்துத் தொடங்குங்கள். அங்கே விழுந்த வீரனை மறுநாள் எடுத்து நிறுத்தலாம். மண்ணில் விழுந்தவனோ மீள்வதில்லை.